குஞ்சைக் கொத்தியது யார்?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையைத் தெரியாதவர் இல்லை. நகரப் பேருந்துகள் பல இங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோவில். மறு பக்கம் சாலைக் கடைத்தெரு. தமிழும் மலையாளமும் இங்கே கலந்து ஒலிக்கும்.

கோட்டைக்குள் ஒரு சந்து. சந்தில் ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டு அக்கா தையல் வேலை செய்கிறார். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். மாமியாரும் உடன் இருக்கிறார்.

ஓணத்துக்கு நிறையத் துணி தைத்தார் அக்கா. கூலி கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் குஞ்சை விற்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். அக்கா ஒரு கூண்டு வாங்கினார். இரண்டு ஆண் பறவைகள் வாங்கினார். மூன்று பெண் பறவைகள் வாங்கினார்.

"ஏன் அக்கா பெண் மட்டும் மூன்று?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்.

"கோழிக்கு ஒரு சேவல் போதாதா? பெட்டை கூட இருந்தால் முட்டையும் கூட வருமே!" என்றார் அக்கா.

கூண்டில் இரண்டு சிறு மண் பானைகளைக் கட்டித் தொங்கவிட்டார். பானையின் பக்கத்தில் ஒரு துளை. பறவை அதன் வழியாக உள்ளே போகும்.

ஒரு பானையில் ஐந்து முட்டைகள் வந்தன. ஐந்தும் பொரித்தன. வீடே மகிழ்ந்தது. ஒரு நாள் காலை பானைக்குள் பார்த்தார் அக்கா. ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. இன்னொரு குஞ்சின் தலையில் இரத்தம்.

மாமியார் தலையில் கை வைத்தார். "பெற்ற குஞ்சையே கொத்துகிறதே! இது பொல்லாத தாய். இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கு" என்றார்.

அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் காயம் பட்ட குஞ்சைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதைப் பஞ்சில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போனார். மகளும் கூடப் போனாள்.

மருத்துவமனையில் நடந்த பேச்சு

டாக்டர் அம்மா குஞ்சின் காயத்துக்கு மருந்து போட்டார். பிறகு கேள்வி கேட்டார்.

"கூண்டில் எத்தனை பறவை?"

"ஐந்து, டாக்டர். இரண்டு ஆண், மூன்று பெண்."

"பானை எத்தனை?"

"இரண்டு."

"அப்படியானால் மூன்றாவது பெண்ணுக்குப் பானை எங்கே? துணை எங்கே?"

அக்காவிடம் பதில் இல்லை. அப்போது மகள் சொன்னாள். "டாக்டர், அம்மாப் பறவை தினை தின்ன வெளியே வந்தது. அப்போது மஞ்சள் பறவை பானைக்குள் தலையை விட்டது. நான் பார்த்தேன்."

டாக்டர் தலையை ஆட்டினார். "தாய் கொத்தவில்லை. பானை கிடைக்காத மஞ்சள் பறவைதான் கொத்தியிருக்க வேண்டும். முதலில் அதைத் தனிக் கூண்டில் விடுங்கள். பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள்" என்றார்.

அன்று மாலையே மஞ்சள் பறவை வேறு கூண்டுக்குப் போனது. அதன் பின் எந்தக் குஞ்சுக்கும் காயம் படவில்லை. நான்கு குஞ்சுகளும் வளர்ந்தன. விற்கப்பட இருந்த தாய்ப் பறவை தப்பியது.

கோழி வேறு, இந்தப் பறவை வேறு

கோழி வளர்த்த பழக்கத்தில் அக்கா கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. ஏன்?

சேவல் அடைகாப்பதில்லை. குஞ்சுக்கு இரை தேடிக் கொடுக்கும் வேலையும் அதற்கு இல்லை. கோழிக்குஞ்சு பிறந்த அன்றே ஓடும். தானே கொத்தித் தின்னும். அதனால் ஒரு சேவலுக்குப் பல பெட்டைகள் இருக்கலாம்.

லவ் பேர்ட்ஸ் குஞ்சு அப்படியல்ல. பிறக்கும்போது அதன் உடம்பில் இறகு இல்லை. கண் திறந்திருக்காது. கண் திறக்கவே பத்து நாள் போல ஆகும். பறவை வெளியே வர நான்கு, ஐந்து வாரம் ஆகும். அதுவரை யாராவது ஊட்ட வேண்டும். தாய் ஒருத்தியால் முடியாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்க்க வேண்டும். ஆகவே இவை ஜோடியாக வாழ்கின்றன.

லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் சொல்லும் பறவையின் சரியான பெயர் பட்ஜெரிகர். இது சிறிய கிளி வகை. இதன் சொந்த நாடு ஆஸ்திரேலியா. 1840-ஆம் ஆண்டு ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகம் எங்கும் பரவியது. உண்மையான லவ் பேர்ட்ஸ் என்பது வேறு பறவை. அதன் நாடு ஆப்பிரிக்கா.

ஆண் எது, பெண் எது? அலகுக்கு மேலே மூக்குத் துளை உள்ள சதையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது பெரும்பாலும் நீலமாக இருக்கும். பெண்ணுக்கு முட்டையிடும் காலத்தில் பழுப்பாக மாறும். சில வெள்ளை, மஞ்சள் நிறப் பறவைகளில் இந்த அடையாளம் மாறுபடும்.

தாயின் வேலையும் தந்தையின் வேலையும்

பெண் பறவை ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும். பொதுவாக நான்கு முதல் ஆறு முட்டைகள். அடைகாப்பது பெண் மட்டுமே. ஒரு முட்டை பொரிக்க 18 நாள் ஆகும்.

அந்த நாட்களில் பெண் பானையை விட்டு அதிகம் வெளியே வராது. ஆண் தினையைத் தின்று தன் தீனிப்பையில் சேர்க்கும். கோழிக்குக் கழுத்தடியில் இருக்குமே, அந்தப் பைதான். பிறகு பானை வாயில் வந்து நிற்கும். தின்றதைக் கக்கிப் பெண்ணுக்கு ஊட்டும். குஞ்சு பிறந்ததும் பெண் அதற்கு முதலில் பால் போன்ற நீரான உணவை ஊட்டும். நாள் ஆக ஆக, ஊறிய தானியத்தை ஊட்டும்.

ஆணுக்குச் சரியான தீனி இல்லை என்றால் என்ன ஆகும்? ஆண் பெண்ணுக்கு ஊட்ட முடியாது. பெண் குஞ்சுக்கு ஊட்ட முடியாது. அப்போது நாம் பெண்ணைக் குறை சொல்வோம். உண்மையில் குறை தீனித் தட்டில் இருக்கும்.

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி இல்லை. கட்டடங்களில் கூடு கட்டும் புறாக்களைப் பாருங்கள். புறாவில் ஆணும் அடைகாக்கும். பகலில் சில மணி நேரம் ஆண் உட்காரும். மற்ற நேரமும் இரவும் பெண் உட்காரும். தீனிப்பையில் ஊறும் பாலை இரண்டுமே குஞ்சுக்குக் கொடுக்கும். எந்தப் பறவையை வளர்க்கிறோமோ அதன் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைக்குட்டியைக் கவனியுங்கள்

ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டை. ஆகவே குஞ்சும் ஒன்றுவிட்டு ஒரு நாள் பொரிக்கும். ஐந்து குஞ்சு இருந்தால் மூத்ததற்கும் இளையதற்கும் எட்டு நாள் வித்தியாசம். மூத்தது பெரிதாக இருக்கும். எட்டிக் கழுத்தை நீட்டி இரை வாங்கும். இளையது கீழே நசுங்கும். பட்டினியும் கிடக்கும்.

இதைத் தாய் வேண்டும் என்று செய்வதில்லை. ஆகவே தினமும் ஒரு முறை பானைக்குள் பாருங்கள். குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை உப்பி இருக்கிறதா? இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. தட்டையாக, காலியாக இருந்தால் அதற்கு இரை கிடைக்கவில்லை.

இன்னொரு ஜோடியிடம் அதே வயதுக் குஞ்சுகள் இருந்தால் ஒரு வழி உண்டு. பட்டினி கிடக்கும் குஞ்சை அந்தப் பானையில் வைக்கலாம். பெரும்பாலும் வளர்ப்புத் தாய் ஏற்றுக்கொள்ளும்.

"மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்" என்று பலர் சொல்வார்கள். கை மணத்துக்காகத் தாய் குஞ்சை விடுவதில்லை. அடிக்கடி தொந்தரவு செய்தால்தான் பயந்து ஒதுங்கும். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். தாய் வெளியே வந்த நேரம் பார்த்து, சீக்கிரம் பார்த்து முடியுங்கள்.

இறகைப் பிடுங்கிய தாய்

அக்காவின் கதைக்குத் திரும்புவோம். அதே ஜோடி அடுத்த முறையும் முட்டையிட்டது. நான்கு குஞ்சுகள். மூன்று வாரம் ஆனது. குஞ்சுகளின் முதுகில் இறகு முளைத்தது. ஒரு நாள் பார்த்தால் முதுகு மொட்டையாக இருந்தது. இந்த முறை பிடுங்கியது தாயேதான். மகள் கண்ணால் பார்த்தாள்.

"நான் அன்றே சொன்னேனே!" என்றார் மாமியார்.

அக்கா மீண்டும் டாக்டரிடம் போனார். டாக்டர் சிரித்தார். "பானை உங்கள் வீட்டில் எப்போதும் தொங்குகிறதா?" என்று கேட்டார்.

"ஆமாம், டாக்டர். எடுக்கவே இல்லை."

"தீனியும் எப்போதும் இருக்கிறதா?"

"குறையே வைக்கவில்லை."

"அதுதான் காரணம்" என்றார் டாக்டர். அவர் சொன்ன விளக்கம் இது.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி வறண்ட பூமி. அங்கே மழை பெய்தால் புல் முளைக்கும். புல் விதை நிறையக் கிடைக்கும். அப்போது பட்ஜெரிகர் மரப்பொந்தில் முட்டையிடும். விதை தீர்ந்தால் முட்டையிடுவதை நிறுத்தும். இரை தேடிக் கூட்டமாக வேறு இடம் போகும். இயற்கையே அதற்கு ஓய்வு கொடுக்கிறது.

கூண்டில் என்ன நடக்கிறது? தினை தீருவதில்லை. பொந்து போன்ற பானையும் கண் முன்னே இருக்கிறது. பறவையின் உடம்பு "இன்னும் முட்டையிடு" என்று சொல்கிறது. முந்திய குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குள் தாய்க்கு அடுத்த முட்டையிட இடம் வேண்டும். அதனால் குஞ்சுகளைத் துரத்துகிறது. இறகைப் பிடுங்குகிறது. இப்படித்தான் பல நேரம் நடக்கிறது.

என்ன செய்யலாம்? டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

முதல் வழி, இன்னொரு பானையைத் தொங்கவிடுவது. தாய் அங்கே போய் முட்டையிடும். பழைய பானையில் உள்ள குஞ்சுகளுக்குத் தந்தை ஊட்டும்.

அப்படியும் தாய் பிடுங்கினால் இரண்டாவது வழி. தாயை வேறு கூண்டுக்கு மாற்றுவது. மூன்று வாரம் தாண்டி இறகு முளைத்த குஞ்சுகளைத் தந்தையே ஊட்டி வளர்த்துவிடும். பிடுங்கிய இறகு பெரும்பாலும் மீண்டும் முளைக்கும்.

அக்காவுக்கு இரண்டாவது வழி தேவைப்பட்டது. தந்தைப் பறவை நான்கு குஞ்சுகளுக்கும் ஓடி ஓடி ஊட்டியது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "பரவாயில்லையே, இந்த வீட்டு ஆணும் ஊட்டுகிறானே!" என்றார். அக்காவின் கணவரும் சிரித்துவிட்டார்.

ஓய்வு கொடுக்க வேண்டும்

முட்டையிடுவது சின்ன வேலை அல்ல. ஓடு செய்ய உடம்பில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தொடர்ந்து முட்டையிட்டால் அந்தச் சத்து குறையும். ஓடு மெலிந்துபோகும். சில நேரம் முட்டை வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கும். அப்போது தாமதம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் பறவை செத்துவிடும்.

ஆகவே இரண்டு முறை குஞ்சு பொரித்த பிறகு பானையை எடுத்துவிடுங்கள். ஆணையும் பெண்ணையும் சில மாதம் தனித்தனியாக வையுங்கள். வயதும் முக்கியம். நான்கு, ஐந்து மாதப் பெண் பறவை முட்டையிட முயலும். அதன் உடம்பு இன்னும் தேறவில்லை. அடைகாக்கவும் பழகவில்லை. பத்து மாதம், ஒரு வருடம் ஆன பிறகே பானை கட்டுவது நல்லது.

முட்டையைத் தின்றால்?

சில பறவைகள் தங்கள் முட்டையையே தின்னும். இதற்கும் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஒரு காரணம். விரிசல் விட்ட முட்டையைச் சுவைத்துப் பழகுவது இன்னொரு காரணம். கூட்டமும் தொந்தரவும் மற்றொரு காரணம்.

கூண்டில் ஒரு கணவாய் ஓட்டைக் கட்டுங்கள். கடல் நுரை என்றும் இதைச் சொல்வார்கள். கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் வெள்ளை ஓடு இது. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும். கடைகளிலும் கிடைக்கும். கடற்கரையில் எடுத்தால் நல்ல நீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். பறவை அதைக் கொறித்துத் தின்னும். அலகும் தேயும், சத்தும் கிடைக்கும்.

தினை மட்டும் போதாது. குஞ்சு உள்ள காலத்தில் முளைகட்டிய பச்சைப்பயறு கொடுக்கலாம். அவித்த முட்டையை உதிர்த்துக் கொடுக்கலாம். முருங்கைக் கீரையும் மல்லித் தழையும் நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். திருவனந்தபுரத்தில் மழையும் ஈரமும் அதிகம். தீனி சீக்கிரம் புளிக்கும். தானியமும் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தானியம் பறவைக்கு விஷம்.

இரவில் பயம்

அடைகாக்கும் தாய் சில நேரம் முட்டையை விட்டு வெளியேறிவிடும். மறுநாள் முட்டை குளிர்ந்து கிடக்கும். இதுவும் தாயின் குற்றம் என்று நினைப்போம். எலி ஓடியிருக்கும். பூனை கூண்டில் ஏறியிருக்கும். வெடிச் சத்தம் கேட்டிருக்கும். இருட்டில் பயந்து பறந்த பறவைக்குப் பானை வாய் தெரியாது.

கூண்டைச் சுவர் ஓரமாக, உயரமாக வையுங்கள். இரவில் துணியால் பாதி மூடுங்கள். காற்று போக இடம் விடுங்கள். அருகில் மங்கலான விளக்கு எரியட்டும்.

கைத்தீனி கொடுக்கலாமா?

பெற்றோர் ஊட்டாவிட்டால் நாமே ஊட்டலாம் என்று சிலர் துணிவார்கள். இது எளிதல்ல. உணவு சூடாக இருந்தால் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப் போனால் செரிக்காது. அவசரமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்க் குஞ்சு சாகும். தெரிந்தவரிடம் நேரில் பழகிய பிறகே செய்ய வேண்டும். முதல் வழி எப்போதும் பெற்றோர். அடுத்த வழி வளர்ப்புப் பெற்றோர். கடைசி வழிதான் நம் கை.

வளர்ப்புப் பெற்றோருக்குப் பேர் பெற்ற ஒரு பறவை உண்டு. அதன் பெயர் பெங்காலீஸ் பிஞ்ச். கேரளத்து வயல்களில் வெண்முதுகுச் சில்லை என்ற சிறு குருவி உண்டு. மலையாளத்தில் ஆற்றக்கறுப்பன் என்பார்கள். இந்த இனப் பறவையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டு போனார்கள். பல தலைமுறை கூண்டில் வளர்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் பெங்காலீஸ் பிஞ்ச். வேறு இனச் சிறு குருவிகளின் முட்டையைக்கூட இது அடைகாக்கும். குஞ்சுக்கும் ஊட்டும்.

அதற்காக வயலில் உள்ள சில்லையைப் பிடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதும் குற்றம். தண்டனை உண்டு. பட்ஜெரிகர் வெளிநாட்டுப் பறவை. கூண்டிலேயே பிறந்து வளர்வது. அதை வளர்க்கலாம்.

நம் உடம்பையும் பார்க்க வேண்டும்

கிளி வகைப் பறவைகளின் எச்சத்தூசியால் கிளிக் காய்ச்சல் என்ற நோய் மனிதருக்கு வரலாம். எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு கூட்டுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பறவை வளர்ப்பவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அக்கா கற்றுக்கொண்டது

அக்காவின் வீட்டில் இப்போது மூன்று ஆண், மூன்று பெண். மஞ்சள் பறவைக்கும் துணை வந்துவிட்டது. மூன்று ஜோடிக்கும் பெரிய கூண்டு. ஆறு பானைகள். எல்லாப் பானையும் ஒரே உயரத்தில் தொங்குகின்றன. மேலே இருக்கும் பானைக்குச் சண்டை வரக் கூடாது அல்லவா? ஓய்வுக் காலத்தில் பானைகள் பரணுக்குப் போய்விடும்.

அன்று குஞ்சைக் கொத்திய மஞ்சள் பறவை என்ன ஆனது? அதற்குத் துணை கிடைத்தது. பானை கிடைத்தது. அதுவும் நான்கு முட்டையிட்டது. நான்கையும் பொரித்தது. நான்கையும் வளர்த்தது.

மாமியார் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "பறவை மேல் பழி போட்டோம். இடம் கொடுக்காதது நாம்தான்" என்றார்.

நினைவில் வைப்போம்

ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும்.

ஒரு ஜோடிக்கு இரண்டு பானை. எல்லாம் ஒரே உயரம்.

பத்து மாதம் ஆகாத பறவைக்குப் பானை வேண்டாம்.

கணவாய் ஓடும் நல்ல தீனியும் எப்போதும் வேண்டும்.

இரண்டு முறை பொரித்தால் சில மாதம் ஓய்வு.

பறவை குஞ்சைக் கொத்தினால், முதலில் கூண்டைப் பாருங்கள். பிறகு பறவையைப் பாருங்கள்.